மைனஸ் இரண்டு வயது

தேர் வலம் வரும், பாடை இடம் போகும் என்பதுதான் பொற்றையூரின் ஒரே சட்டம்; மற்றச் சட்டங்களெல்லாம் வெளியூர்க்காரர்கள் எழுதியவை. ஊர் நடுவில் தெப்பக்குளம், அதைச் சுற்றி நான்கு தெருக்கள், கீழத்தெருவில் கோயில். சாமி புறப்பட்டாலும், மாப்பிள்ளை அழைத்தாலும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போனாலும், கோயில் வாசலில் கிளம்பித் தெற்குத் தெரு, மேலத்தெரு, வடக்குத் தெரு என்று குளம் வலக்கைப் பக்கம் இருக்கும்படி ஒரு முழுச் சுற்று வருவார்கள். செத்தவர்களை மட்டும் எதிர்ப்பக்கமாக, குளம் இடக்கைப் பக்கம் இருக்கும்படி, ஒரு சுற்றுக் கொண்டுபோய் இடுகாட்டுக்குத் தூக்குவார்கள். பாடையோடு போகிறபோது தவிர, உயிரோடு இருக்கிற எவருடைய காலும் குளத்தை இடமாகச் சுற்றியதில்லை, சுற்ற நினைத்ததுமில்லை. தூக்கத்தில் நடக்கிற வியாதி உள்ள மளிகைக்கடைச் சங்கரபாண்டிகூட வலமாகத்தான் நடப்பார்.

அந்த ஆண்டு கோயில் குடமுழுக்குக்காகத் தர்மகர்த்தா பிரமநாயகம் இரண்டு சிமெண்டு வளைவுகள் கட்டினார். தெற்குத் தெரு வளைவின் உச்சியில் ஒரு தாமரை, வடக்குத் தெரு வளைவின் உச்சியில் ஒரு மயில். மயிலுக்குக் கழுத்துக் குட்டையாகி வாத்து மாதிரி ஆகிவிட்டதைத் தவிர வேலையில் குறை எதுவும் இல்லை. தூண்களுக்கும் வீடுகளுக்கும் நடுவில் ஓர் ஆள் நடந்து போகும் அளவுக்கு இடைவெளியும் விட்டிருந்தார்கள். குடமுழுக்கன்று சாயங்காலம் சாமி புறப்பட்டது, ஊரே பின்னால் போனது, தாமரைக்குள் நுழைந்து, பிறகு மயிலுக்குள் நுழைந்து, கோயில் வாசலுக்குத் திரும்பி வந்து நின்றபோது மேற்கு வெயில் எல்லோருடைய நிழலையும் கோயில் மதிலில் கொண்டுபோய்ச் சாய்த்தது. மதிலில் இருந்தவை அவர்களுடைய நிழல்கள் அல்ல.

பள்ளிப் பிள்ளைகளின் காலடியிலிருந்து, பிள்ளை பெற்று இடுப்பு அகன்ற பெண்களின் நிழல்களும் தொப்பை விழுந்த ஆண்களின் நிழல்களும் கிளம்பி மதிலில் ஏறியிருந்தன. இளவட்டங்களின் காலடியிலிருந்து கூன் விழுந்த நிழல்கள். பெரியவர்களின் காலடியிலிருந்து ஆள் உருவமே கிளம்பவில்லை. ஆறடி நீளத்துக்கு ஒரு மண்மேட்டின் நிழல்தான் விழுந்தது, மேட்டின்மேல் புல் முளைத்திருந்தது, காற்றில்லாத அந்த நேரத்தில் புல் அசைந்தது.

"சிமெண்டு புதுசுல்லா, காயட்டும், சரியாயிரும்" என்றார் பிரமநாயகம். எல்லோரும் சுண்டல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

வளைவுகள் செய்வது என்ன என்று கண்டுபிடிக்க நெடுநாள் ஆகவில்லை. ஒருவர் வலமாகத் தாமரைக்குள் நுழைந்து வெளியே வந்தால் அவருடைய நிழலின் வயது இரட்டித்தது. வலமாக மயிலுக்குள் நுழைந்து வெளியே வந்தால் நிழலின் வயதோடு இருபது கூடியது. அவ்வளவுதான். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தாமரையில் பதினாறு, மயிலில் முப்பத்தாறு. நாற்பது வயதுக்காரருக்குத் தாமரையில் எண்பது, மயிலில் நூறு. நிழலோடு போயிருந்தால் ஊர் அதோடும் குடித்தனம் நடத்தியிருக்கும். ஆனால் நிழல் போன பக்கம் உடம்பும் மெல்லப் போகத் தொடங்கியது. தையல்கடைக்காரருக்கு ஊசிக் காது தெரியாமல் போனது, கல்லூரிக்குப் போகிற பையன்கள் படியேறும்போது முழங்காலைப் பிடித்தார்கள், பேசிக்கொண்டே இருந்தவர்கள் பாதிப் பேச்சில் நிறுத்தித் தரையையே பார்த்தார்கள். அந்தச் சமயத்தில் கசாப்புக்கடையிலிருந்து தப்பி ஓடிய ஒரு வெள்ளாட்டுக்குட்டி தாமரை வளைவில் எதிர்ப்பக்கமாக நுழைந்து வெளியே வந்தது, அதன் நிழல் பாதி வயதுக்குத் திரும்பியதை எல்லோரும் பார்த்தார்கள். மாற்றியதே திரும்ப மாற்றவும் செய்யும் என்று தெரிந்தது. கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள்.

"வந்த வழியே திரும்பிப் போனா தீந்துது" என்றார் டீக்கடை மாடசாமி.

"வந்த வழியே திரும்புறதுன்னா இடமால்லா வே சுத்தணும்" என்றார் பிரமநாயகம். "நீரு சுத்துவீரா?"

"நான் எதுக்கு வே சுத்துதேன். என்னைத் தூக்கிட்டுப் போற அன்னைக்குச் சுத்திக்கிடுதேன்."

கடைசியில் பிரமநாயகமே ஒரு வழி சொன்னார். வலமாகவே சுற்றுவது. தாமரை வளைவு வந்ததும் தூணுக்கு வெளியே ஒதுங்கிக் கடந்துபோய், திரும்பி, வளைவுக்குள் மட்டும் எதிர்ப்பக்கமாக நாலடி நடந்து வருவது. பிறகு மறுபடி வெளியே ஒதுங்கி, வலமாகவே நடந்து, மயிலிலும் அப்படியே செய்வது. நாலடி திரும்புவது சுற்றுக் கணக்கில் சேராது. "சாமி எந்த வரிசையில போச்சோ அதே வரிசையில நாமளும் போவோம். முதல்ல ஏறுனது முதல்ல இறங்கட்டும்" என்றார். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது.

அந்தக் கூட்டத்தில், மடியில் எட்டு வயது மகள் கனியமுதை வைத்துக்கொண்டு, ஆவுடைத்தங்கம் டீச்சரும் இருந்தாள். பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். ஒன்றன்மேல் ஒன்றாகச் செய்ததைக் கழற்றும்போது கடைசியில் செய்ததைத்தான் முதலில் கழற்ற வேண்டும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள். அவளும் தலையாட்டினாள். அவளுக்குத் தெரிந்தது கையில் இருந்தது, காலில் இல்லை. பொற்றையூர்க் கால்களுக்கு வலம்தான் தெரியும்.

மறுநாள் ஊர் முழுக்க அப்படியே சுற்றியது. என்ன கிடைத்தது என்று நீங்களே ஒரு முறை போட்டுப் பாருங்கள். நாற்பது வயதுக்காரரின் நிழல் நூறில் நிற்கிறது. முதலில் தாமரை, நூறில் பாதி ஐம்பது. பிறகு மயில், ஐம்பதில் இருபது போனால் முப்பது. எழுபது வயதுக்காரரைப் போட்டால் அறுபது வரும். எவரைப் போட்டாலும், இருந்த வயதில் பத்துக் குறைந்துதான் வரும்.

பொற்றையூர் அழவில்லை. மண்மேடுகள் போய், நிமிர்ந்த முதுகும் ஒட்டிய வயிறுமாக நிழல்கள் வந்ததைப் பார்த்து ஒருவரையொருவர் தட்டிச் சிரித்தார்கள், நிழலுக்குப் பின்னால் உடம்புகளும் மெல்ல வந்து சேர்ந்தன. பிரமநாயகம் பல்செட்டைக் கழற்றிக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டு முறுக்குத் தின்றார். சலூன்காரர் சாயம் வாங்குவதை நிறுத்தினார். பெட்டியின் அடியில் கிடந்த பழைய ரவிக்கைகள் பெண்களுக்குப் பிடித்தன. ஊரில் சாவு விழுவது நின்றுபோனதால் பாடை கட்டுகிறவர் பந்தல் வேலைக்குப் போனார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் காலடியில் ஐந்து வயதுக் குழந்தையின் நிழல் குதித்துக்கொண்டு போனது, அவர்களுடைய சீருடை தொளதொளத்தது, கையெழுத்து வாரத்துக்கு வாரம் பெரிதாகிக்கொண்டே வந்தது. "மெதுவா வளரட்டும், கல்யாணச் செலவு தள்ளிப்போகுதுல்லா" என்றார்கள்.

பத்து வயது நிறையாத பிள்ளைகளுக்கு நிழலே விழவில்லை. எட்டில் பத்துப் போனால் நிழல் எப்படி விழும். "நிழல் இல்லாட்டா என்ன, கருக்காம இருக்கும்" என்று அதையும் ஊர் எடுத்துக்கொண்டது. பிறகு, எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது, அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போட மறந்தார்கள். வருகைப்பதிவு எடுக்கிற ஆசிரியை அந்தப் பெயர்களைத் தாண்டிப் படித்தாள். பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் காக்கை கத்தியதுபோல் ஒரு கணம் திரும்பிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். யாரும் அந்தப் பிள்ளைகளை வெறுக்கவில்லை. இன்னும் பிறக்காதவர்களை யார் வெறுப்பார்கள்.

டீச்சரின் வீட்டில் இது இன்னும் விசித்திரமாக நடந்தது. முப்பத்தாறு வயதுக்காரி இருபத்தாறுக்குப் போய்விட்டாள், அவளுடைய கணவர் உலகநாதன் நாற்பத்தொன்றிலிருந்து முப்பத்தொன்றுக்குப் போய்விட்டார், இருவருக்கும் அந்த வயதில் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. உலகநாதன் தன்னை யாரோ அந்த வீட்டில் குடிவைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு முன்னறையில் படுத்தார். அவள் அவரை வீட்டுச் சொந்தக்காரருக்கு உறவு என்று நினைத்துக்கொண்டு, காப்பியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். "நல்லாருக்குங்க" என்பார் அவர். "இருக்கட்டும்ங்க" என்பாள் இவள். இருவருக்கும் நடுவில் கனியமுது உட்கார்ந்திருந்தாள்.

புன்னைத்துறையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து படிக்கிற ஜெசிந்தா என்கிற பிள்ளை மட்டும் பத்தாம் வகுப்பில் ஒழுங்காக வளர்ந்துகொண்டிருந்தாள். அவள் சாமி ஊர்வலத்துக்கு வந்தவளில்லை, பஸ் நிலையத்துக்கும் பள்ளிக்கும் நடுவில் எந்த வளைவும் இல்லை. சார்புகளின் சேர்ப்பும் நேர்மாறும் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள் டீச்சர் திரும்பி நின்று, யோசிக்காமல், கைக்கு வந்த எண்களைப் போட்டு ஒரு கணக்கு எழுதினாள். ஒருத்தியின் வயதை இரட்டித்து, வந்ததோடு இருபதைக் கூட்டினால் முப்பத்தாறு. அவளுக்கு வயது என்ன?

ஜெசிந்தா எழுந்து போய்க் கரும்பலகையில் போட்டாள். முப்பத்தாறில் பாதி பதினெட்டு. பதினெட்டில் இருபது போனால் மைனஸ் இரண்டு. சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுத் தானே சிரித்தாள்.

"என்னட்டி சிரிக்க?"

"மைனஸ் ரெண்டு வயசுன்னா இன்னும் பெறக்கவே இல்லையே டீச்சர். பெறக்காதவளுக்கு எதுக்குக் கணக்கு?"

"அப்போ எங்க தப்பு விட்டே, சொல்லு."

"தப்பு விட்டது மாதிரி தெரியலியே. முதல்ல இரட்டிச்சோம், அதனால முதல்ல பாதியாக்குனேன். அப்புறம் கூட்டுனோம், அதனால அப்புறம் கழிச்சேன். வரிசையாத்தானே போனேன்."

"காலையில பள்ளிக்கூடத்துக்கு வரும்போது தலையில என்ன செஞ்சே?"

"ரெட்டைச் சடை பின்னுனேன். ரிப்பன் கட்டுனேன்."

"சாயங்காலம்?"

"ரிப்பனை அவுப்பேன், சடையைப் பிரிப்பேன்."

"காலையில பின்னுனதுதானே முதல்ல? அப்போ சாயங்காலமும் முதல்ல சடையைப் பிரி. ரிப்பன் பாட்டுக்கு இருக்கட்டும்."

"முடியெல்லாம் ரிப்பனோட பிடுங்கிட்டு வந்துரும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பழைய விடையை அழித்தாள். முப்பத்தாறில் இருபது போனால் பதினாறு, பதினாறில் பாதி எட்டு.

"சேர்ப்பு எழுதும்போதும் அதான்" என்றாள் டீச்சர், எஃப்-ஐயும் ஜி-யையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி. "இதுல வலப்பக்கம் இருக்கிறதை முதல்ல செய்யணும். அங்கேயிருந்து இடப்பக்கமாப் போகணும்."

முன்வரிசையில், சீருடைக்குள் பாதி மறைந்துபோயிருந்த உள்ளூர்ப் பிள்ளை ஒருத்தி விரலை வாயிலிருந்து எடுத்தாள். "இடமாப் போனா பாடைல்லா டீச்சர்" என்றாள் மழலையில்.

டீச்சரின் கை கரும்பலகையிலேயே நின்றது.

"எட்டு" என்று ஜெசிந்தா விடைக்கு அடியில் கோடு போட்டாள். "உங்க பாப்பா வயசுதான் வந்திருக்கு டீச்சர்."

"எந்தப் பாப்பா?"

ஜெசிந்தா அவளைப் பார்த்தாள், பிறகு மற்றப் பிள்ளைகளைப் பார்த்தாள். அவர்கள் ஒருத்தியின் ரிப்பனை ஒருத்தி இழுத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். "கனி, டீச்சர். மத்தியானமெல்லாம் இங்க வந்து என் சோத்துலதானே கை வைக்குது. வீட்டுல சோறு தரலியான்னு கேட்டேன். அம்மைக்கு இன்னும் நான் வரலன்னு சொல்லுது."

பாடப்புத்தகத்தில் ஒரு சார்புக்குள் போய் வெளியே வருவதற்கு நிழல் உரு என்று பெயர், உள்ளே போவதற்கு முன்னால் இருந்ததற்கு முன் உரு என்று பெயர். ஆண்டுதோறும் அந்தச் சொற்களை அடிக்கோடிடச் சொல்லியிருக்கிறாள். அன்று சாயங்காலம் டீச்சர் வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்கு மகள் இருந்ததாக எந்த நினைவும் வரவில்லை. பிரசவ வலி நினைவில்லை. அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று நினைவில்லை. குளியலறையில் வயிற்றைத் தடவிப் பார்த்தாள், பிள்ளை பெற்ற கோடு ஒன்றுகூட இல்லை. நினைவு, அப்படி ஒருத்தி இல்லை என்றது. உடம்பும் இல்லை என்றது. முப்பத்தாறில் இருபது போய்ப் பாதியாக்கினால் எட்டு வரும் என்று கணக்கு மட்டும் சொன்னது. வாழ்நாளில் அவளிடம் பொய் சொல்லாதது அது ஒன்றுதான்.

பின்கட்டில் துணி துவைக்கிற கல்லின்மேல் யாரோ வீட்டுப் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருந்தது. வெயிலில்தான் இருந்தது, கல்லின் நிழல் தரையில் விழுந்தது, கல்லின்மேல் இருந்த பிள்ளையின் நிழல் விழவில்லை.

"உன் பேரு கனியா?" என்று கேட்டாள் டீச்சர்.

"ஆமா."

"நான் யாரு?"

"நீங்க எங்க அம்மா. இன்னும் ஆகல."

மறுநாள் விடிந்து வெயில் ஏறியதும் டீச்சர் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மேலத்தெருவிலிருந்த வீட்டை விட்டு இறங்கினாள். சட்டென்று இடமாக நடந்துவிட முடியாது என்று அவளுக்குத் தெரியும். கழற்றியதையே தப்பாகக் கழற்றியிருக்கிறது. முதலில் அந்தப் பிழையைக் கழற்ற வேண்டும், அதிலும் கடைசியில் செய்ததை முதலில்: மயிலுக்குள் ஒரு முறை வலமாக, தாமரைக்குள் ஒரு முறை வலமாக. அப்போதுதான் ஊர்வலம் முடிந்து எல்லோரும் நின்ற அந்தச் சாயங்காலத்துக்குப் போய்ச் சேர முடியும். அங்கேயிருந்துதான் இடம்.

வடக்குத் தெருவில் இருவரும் மயிலுக்குள் நுழைந்து வெளியே வந்தபோது, பின்னால் பிள்ளையின் குதிகாலில் ஏதோ ஒட்டியது. இல்லாத இரண்டோடு இருபது கூடி, பதினெட்டு வயதுப் பெண்ணின் நிழல் மெல்லிசாகத் தரையில் விரிந்தது. டீச்சர் மூச்சை விட்டாள். கீழத்தெரு வழியாகத் தெற்குத் தெருவுக்குப் போய்த் தாமரைக்குள் நுழைந்தார்கள், தூணுக்கு வெளியே ஒதுங்கி மயிலைக் கடந்து, ஒரு முழுச் சுற்று முடித்துக் கோயில் வாசலில் வந்து நின்றார்கள். காலை வெயில் அவர்களுடைய நிழல்களைக் குளத்துப் படிக்கட்டில் தள்ளியது. கனியின் நிழல் முப்பத்தாறு வயதுப் பெண்ணின் நிழல், கொண்டை போட்டு, முந்தானையைச் செருகி, டீச்சர் இருக்க வேண்டிய உருவத்தில் அப்படியே நின்றது. டீச்சரின் நிழல் தொண்ணூற்றிரண்டு. அது படியில் மேடாகக் கிடந்தது, புல் அசைந்தது. பிள்ளையின் கை டீச்சரின் கைக்குள் இருந்ததால், படிக்கட்டில் அந்தப் பெண் குனிந்து மண்மேட்டின்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

டீக்கடையிலிருந்து பிரமநாயகம் இறங்கி வந்தார்.

"டீச்சர், எந்தப் பக்கமா நடக்கப் போறிய?"

"இடமா."

"புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு? உயிரோட ஒருத்தி இடமாச் சுத்துனா பின்னாலயே ஒரு பாடை கிளம்பும். ஊருல சாவு விழுந்து எம்புட்டு நாளாச்சு, நெனச்சுப் பாத்தியளா?"

"பிள்ளை பெறந்து எம்புட்டு நாளாச்சு, அதை நெனச்சுப் பாத்தியளா அண்ணாச்சி?"

"எந்தப் பிள்ளை?" என்றார் பிரமநாயகம். கனி அவருக்கு நேரே நின்றாள். அவர் கண் அவளைக் கடந்து டீக்கடைப் பெஞ்சில் போய் நின்றது. "பத்து வயசைத் தூக்கி எறியப் போறிய. நரைக்கும், மூட்டு வலிக்கும். யாருக்காக?"

டீச்சரின் கைக்குள் இருந்த கை சூடாக இருந்தது. "விடை சரியா வருதான்னு பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, குளம் இடக்கைப் பக்கம் இருக்கும்படி திரும்பினாள்.

பாடை போகும்போது என்ன செய்வார்களோ அதையே ஊர் செய்தது. கடைகளின் இரும்புக் கதவுகள் பாதி இறங்கின. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒரு வீட்டில் யாரோ குழம்புச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. அவர்கள் கடந்துபோன ஒவ்வொரு வாசலிலும் பின்னால் ஒரு குடம் தண்ணீர் விழுந்தது, தண்ணீர் சத்தம் அவர்களை விடாமல் தொடர்ந்து வந்தது.

வடக்குத் தெருவில் மயிலுக்குள் எதிர்ப்பக்கமாக நுழைந்தார்கள். காலையில் அந்தத் தெருவில் அப்படி நடந்தால் நிழல் முன்னால் விழும், பார்க்காமல் இருக்க வழியில்லை. தொண்ணூற்றிரண்டில் இருபது போனால் எழுபத்திரண்டு. எழுபத்திரண்டில் ஆளாக நிற்கிறேனா, மேடாகக் கிடக்கிறேனா என்பது இன்னும் இரண்டடியில் தெரிந்துவிடும். டீச்சர் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அதற்கப்புறம் அவளைக் கனியின் கைதான் நடத்திக்கொண்டு போனது.

"உன் நிழல் எப்படி இருக்கு, சொல்லு" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"ஒல்லியா இருக்கும்மா. ரெட்டைச் சடை."

"பதினாறு. சரி. நட."

மேலத்தெரு முழுக்கத் தண்ணீர் விழுந்துகொண்டே வந்தது. சொந்த வயதுக்குத் திரும்ப உடம்பு நாள் எடுத்துக்கொள்ளவில்லை. தெற்குத் தெருவில் தாமரைக்குள் நுழையும்போது டீச்சரின் முழங்காலில் பழைய வலி சுருக்கென்று ஏறியது, அடிவயிற்றுத் தோல் கோடுகோடாக இழுத்துப் பிடித்தது, அந்த வலியோடு ஒரு மழைநாள் ஆஸ்பத்திரி வந்தது, தொப்புள்கொடி சுற்றிப் பிறந்த ஒரு நீல முகம் வந்தது, கனியமுது என்று பெயரை முதல்முதலாக வாய்விட்டுச் சொன்ன தன் குரல் வந்தது. அவள் கண்ணைத் திறந்து நடுத்தெருவில் உட்கார்ந்தாள். பின்னால் திரும்பிப் பார்த்தபோது இரண்டு நிழல்கள், ஒன்று முப்பத்தாறு, ஒன்று எட்டு. எட்டு வயது நிழலுக்கு ஒரு பக்கச் சடை அவிழ்ந்திருந்தது.

"எத்தனை நாளா தலை பின்னாம இருக்கே?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள்.

வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்த உலகநாதன், அங்கங்கே நரைத்த பெண் ஒருத்தி பிள்ளையோடு படியேறுவதைப் பார்த்து மரியாதையாக ஒதுங்கினார். "யாரைப் பாக்கணும் அக்கா?" என்றார்.

டீச்சருக்கு இப்போது எல்லாம் நினைவிருந்தது, இப்படி அக்கா என்று கூப்பிட்டதற்காக இவரை ஆயுசுக்கும் கேலி செய்யலாம் என்பது உட்பட. உலகநாதனால் கனியை அன்று பார்க்க முடிந்தது, ஏனென்றால் நிழல் சொந்த வயதுக்கு வந்து அவள் பிறந்துவிட்டாள். அந்தப் பிள்ளையின் காது தன் காதைப் போலவே விடைத்துக்கொண்டு நிற்பதைச் சாயங்காலம்வரை பார்த்துக்கொண்டிருந்தார். விடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு, எந்தப் பக்கமாக முதலில் போக வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

கனி தன்னோடு படித்தவர்களின் வீட்டுக் கதவுகளைத் தட்டினாள். சில கதவுகள் திறந்தன, சிலர் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே இடமாகச் சுற்றிப் பிள்ளைகளோடு வீடு திரும்பினார்கள். சில வாசல்களில், "எங்களுக்கு இன்னும் கல்யாணமே ஆகலியே பாப்பா" என்று சிரித்தபடி சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளை டீச்சர்தான் நடத்தினாள். சரியான வயதில் இருக்கிறவர்கள் மறுபடி வளைவுக்குள் போய்வந்தால் பத்து வயது கூடிப்போகும் என்பதால், தான் தூணுக்கு வெளியே நடந்து, உள்ளே போகிற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள், தூண் மறைக்கிற அந்த ஒரு நொடியில் பெயரை விட்டுவிடாமல். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஜெசிந்தா, வளைவுகளில் மட்டும் தான் வெளியே ஒதுங்கி, கயிறு பிடித்து ரயில் விளையாட்டு விளையாடிக் கூட்டிப்போனாள். பிரமநாயகமும் பிள்ளை இல்லாதவர்களும் கடைசிவரை நடக்கவில்லை. அவர்கள் இன்னும் பளபளவென்று இருக்கிறார்கள், டீக்கடையில் உட்கார்ந்து, ஊரில் ஏன் இவ்வளவு பிள்ளைச் சத்தம் என்று கேட்கிறார்கள்.

அந்த ஆண்டு மழைக்காலம் முடிந்து வெயில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்கட்டுக் கல்லில் உட்காரவைத்து டீச்சர் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு நுனிவரை பின்னினாள். பிறகு ரிப்பனைக் கையில் எடுத்தாள்.

"அன்னைக்கு நான் கண்ணை மூடிட்டு வந்தேன்ல. நீ என் நிழலைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எழுபத்திரண்டு வயசுல எப்படிம்மா இருந்தேன்?"

கனி முன்னால் தரையைப் பார்த்தபடி இருந்தாள். தரையில் இரண்டு நிழல்கள் இருந்தன, ஒன்று உட்கார்ந்து, ஒன்று குனிந்து.

"நல்லா இருந்தியம்மா" என்றாள். "தலை மட்டும் பூராவும் வெள்ளையா நரைச்சிருந்துச்சு."

நிழலில் வெள்ளை தெரியாது. டீச்சர் பின்னலின் நுனியில் ரிப்பனைச் சுற்றி, அவிழ்க்கிறபோது முதலில் இழுக்க வேண்டிய முனையைக் கொஞ்சம் நீளமாக விட்டு, முடிச்சுப் போட்டாள்.